உம் கொட்டும் ஹெல்மெட்

சிலருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குத் தூசி. லோகநாதனுக்கு மௌனம். ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறைக்கு மேலாளர். பகல் முழுக்கத் தொழிலாளிகளிடமும், கழிவுநீரைச் சோதிக்க வரும் அதிகாரிகளிடமும், முதலாளியிடமும் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து பேசியதையெல்லாம் மனைவி சுகந்தியிடம் இன்னொரு முறை பேசுவான். கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. பேச்சு ஒன்றுதான். கதை சொல்கிறவனுக்கு உம் கொட்ட ஓர் ஆள் வேண்டுமே, அந்த வேலையைச் சுகந்தி கல்யாணமான நாள் முதலாகச் செய்துவந்தாள்.

பெட்ரோல் வண்டிகளை இன்னும் சில வருடங்களில் சாலையிலிருந்தே எடுத்துவிடப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்த வருடம் அது. மகள் தாரணி கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். சுகந்தி ஒரு பால் பண்ணையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். தினமும் தன்னுடைய கனமான முந்நூற்றைம்பது சிசி வண்டியில்தான் போய்வருவாள். அக்கம்பக்கத்தில் அதற்கு வாங்கிக்கட்டிக்கொண்ட கிண்டல் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, “வண்டியெல்லாம் நிறுத்தறதுக்குள்ள ஒருக்கா நான் கொல்லிமலை ஏறணுங்க. பின்னாடி உக்காந்து இல்ல, நானே ஓட்டிட்டு,” என்றாள்.

அவள் எதையும் கேட்கிறவள் அல்ல. அதனால் லோகநாதன் உடனே சரி என்றான். ஆளுக்கொரு வண்டி. அதில் அவனுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான்: ஆளுக்கொரு வண்டியில் போனால் வழியெல்லாம் யாரிடம் பேசுவது?

அப்படித்தான் இருவரும் ஹெல்மெட் இன்டர்காம் வாங்க இலியாஸின் கடைக்குப் போனார்கள்.

“இது சாதா செட்டுங்கண்ணா,” என்று இலியாஸ் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். “ஹெல்மெட்டுக்கு வெளிய கிளிப் போட்டு மாட்டணும். நேர் ரோடுன்னா ஒரு கிலோமீட்டர் கேக்கும். நடுவுல லாரி வந்தா கரகரங்கும்.”

“மலையில?” என்றான் லோகநாதன்.

“மலையில எந்த செட்டா இருந்தாலும் கட் ஆகும்ங்க. கொண்டை ஊசி வளைவுல நீங்க மேல, அக்கா கீழ. நடுவுல பாறை. புளூடூத் பாறையத் தொளச்சுட்டா வரும்?”

“கட் ஆனா என்ன ஆகும்?” என்று சுகந்தி கேட்டாள்.

“சத்தம் நின்னு போயி பீப் அடிக்கும்க்கா. கிட்ட வந்தா மறுபடி சேந்துக்கும்.”

“அப்ப இதே போதுங்க. சத்தம் நின்னா ஆளக் காணோம்னு தெரியுமில்ல.”

லோகநாதன் முகத்தைச் சுளித்தான். “எழுபது வளைவுக்கும் பீப்பா? காதுக்குள்ள லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்கும் புள்ள. தம்பி, நீங்க வேற காட்டுங்க.”

இலியாஸ் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு கறுப்பு டப்பாவை எடுத்தான். மேலே ‘கூடவே’ என்று போட்டிருந்தது. உள்ளே இரண்டு செட்டுகள். ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவுதான். ஹெல்மெட்டின் உள்பஞ்சுக்குள் ஒரு சின்ன உறை இருக்கும், அதில் போட்டுப் பொத்தானை அழுத்திவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

“இது கட்டே ஆகாதுங்கண்ணா. அதாவது, கட் ஆகும். உங்களுக்குத் தெரியாது.”

“அதெப்படி?”

“ரெண்டு பேரும் ரெண்டு நாள் போட்டுட்டுப் பேசுனா, அக்கா எந்த இடத்துல ‘ம்’ போடுவாங்க, எப்படிப் போடுவாங்கன்னு உங்க செட்டு பழகிக்கும். லிங்க் அறுந்துபோனா, மறுபடி சேர்ற வரைக்கும் அக்கா குரல்ல அதுவே ‘ம்’ போட்டுக்கும்.”

“‘ம்’ மட்டும்தானா?”

“மொதல்ல முழுசாவே பேசுச்சுங்க. வெளிநாட்டுல ரெண்டு குடும்பம் பிரிஞ்சு கேஸாயிருச்சு. இன்னொருத்தர் குரல்ல வார்த்தை உண்டாக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துருச்சு. கம்பெனிக்காரன் லேசுப்பட்டவனா? ‘ம்’ வார்த்தையே இல்லைன்னு வாதாடி ஜெயிச்சுட்டான். நம்ம ஊருக்கு அது போதும்ங்களே. கேட்டுக்கற ‘ம்’, சலிச்சுக்கற ‘ம்’, ‘அப்புறம்?’ங்கற ‘ம்’, எல்லாம் உள்ள இருக்கு. எங்க மாமி சவுதில இருக்கற மகன்கிட்ட இப்ப இந்தக் கம்பெனி போன்லதான் பேசறாங்க. அவன் ஷிப்ட்டுக்குப் போயிட்டாலும் அவங்களுக்கு ‘ம்’ வந்துட்டே இருக்கும். நிம்மதியாத் தூங்கறாங்க.”

“பாவமில்லைங்களா அது?” என்றாள் சுகந்தி.

“பாவமான்னு தெரியலக்கா. தூங்கறாங்க.”

லோகநாதன் அதற்குள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். இலியாஸ் ஒன்றை மட்டும் விடாமல் சொன்னான்: “கம்பெனில அரை நிமிஷம்தான் வெச்சிருக்காங்கண்ணா. அதுக்கு மேல லிங்க் வரலைன்னா பீப் வந்துரும். அந்த எல்லைய எடுக்கணும்னா உங்க போன்ல நீங்களேதான் எடுத்துக்கணும். நான் எடுத்துத் தர மாட்டேன்.”

சுகந்தி சாதா செட்டை இன்னொரு முறை கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு திரும்ப வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போகும்போது மேம்பாலத்துக்கு அடியில் முதல் பீப் வந்தது. லோகநாதன் வண்டியை ஓரங்கட்டி, போனை எடுத்து, எல்லை என்ற இடத்தில் ‘இல்லை’ என்பதைத் தொட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு பீப் வரவே இல்லை. காலையில் அவன் ஒரு திசையிலும் அவள் ஒரு திசையிலும் போவார்கள், மாலையில் எதிரெதிராகத் திரும்புவார்கள், பேச்சு மட்டும் அறுபடாமல் ஓடும். பட்டறையில் கணக்குப்பிள்ளையிடம், “கல்யாணமான புதுசுலகூட நாங்க இப்படிப் பேசுனதில்லைங்க,” என்று சொல்லிச் சிரித்தான். வீட்டில் சுகந்தியும் முன்பைவிட அமைதியாக, முகம் தெளிந்தவளாக இருந்தாள். அவன் அதற்கும் இன்டர்காமைத்தான் காரணமாக நினைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். மலையடிவாரத்தில், காரவள்ளியில் வண்டியை நிறுத்தி இட்லி சாப்பிட்டார்கள். மேலே மேகம் இறங்கியிருந்தது. சுகந்தி கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே, “நான் மெதுவாத்தான் வருவேன். நீங்க எனக்காக நிக்காதீங்க, போயிட்டே இருங்க,” என்றாள்.

“நிக்கறது எதுக்கு? காதுக்குள்ளதானே வரப்போறே,” என்றான் லோகநாதன்.

அவள் சிரித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள்.

ஏறத் தொடங்கிய பிறகு லோகநாதன் வழக்கமான கதைகளில்தான் ஆரம்பித்தான். முதலாளியின் மச்சான், புதிதாக வந்த பாய்லர், யாரோ எடுத்துக்கொண்டு போன டீசல். இடையிடையே அவளுடைய ‘ம்’ வந்துகொண்டிருந்தது. நடு மலைக்கு மேல் மூட்டம் கெட்டியாகி, சாலையில் ஈரம் மினுங்கியது. எதிரே ஒரு வண்டி இல்லை. அந்தத் தனிமையில் என்ன தோன்றியதோ, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான். மழை நாட்களில் சாயக் கழிவை அப்படியே ஆற்றில் திறந்துவிடுகிறார்கள், சுத்தம் செய்துதான் விட்டோம் என்று கையெழுத்துப் போடுவது தான்தான், என்றைக்காவது பிடித்தால் முதலாளி தப்பித்துக்கொள்வான், உள்ளே போவது தானாகத்தான் இருக்கும் என்று சொன்னான்.

“ம்,” என்றது குரல். மெதுவாக, சொல்லுங்கள் என்பது போல.

“பயமா இருக்கு புள்ள. தாரணி படிப்பு முடியற வரைக்கும் பல்லக் கடிச்சுட்டு இருக்கலாம்னு பாத்தேன். முடியல. வேலைய விட்டுரட்டுமா?”

“ம்.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன், எதற்கு, பணத்துக்கு என்ன செய்வது என்று ஒரு கேள்வி இல்லை. இப்படி ஒருத்தி அமைவதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்தபடியே மிச்ச வளைவுகளை ஏறினான்.

மேலே சோளக்காட்டில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, முன்கண்ணாடியை மட்டும் ஏற்றிவிட்டுக்கொண்டான். “டீ சொல்லட்டுமா?” என்றான். “ம்,” என்றாள். இரண்டு டீ சொன்னான். கடைக்கார அம்மாள் இரண்டாவது கிளாஸைப் பிடித்துக்கொண்டு, “யாருக்குங்க இது?” என்றாள்.

“வீட்டுக்காரம்மா. பின்னாடி வர்றாங்க. பேசிட்டேதான் வர்றாங்க.”

டீயில் ஆடை படிந்தது. அவன் பலாப்பழம் விலை சொன்னான், மேலே குளிர்கிறது என்றான், அருவிக்கு அப்புறம் போகலாமா, முதலில் கோயிலா என்றான். எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைக்கார அம்மாள் அந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டு வேறு போடட்டுமா என்று கேட்ட சமயத்தில் கீழிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்காமலே கத்தினான்: “அண்ணா, கொஞ்சம் ஆளுக வாங்க! கீழ ஒரு பொம்பள வண்டியோட பள்ளத்துல கெடக்குது. புதர் மறச்சுருக்கு. எப்ப விழுந்துச்சோ தெரியல, ரத்தமெல்லாம் ஒறஞ்சு போயிருக்குது.”

லோகநாதன் அவனைப் பார்த்தான். அது வேறு யாரோ. சுகந்திதான் பேசிக்கொண்டிருக்கிறாளே.

“சுகந்தி,” என்றான். “எங்க இருக்கே?”

“ம்.”

“எங்க இருக்கேன்னு கேட்டேன் புள்ள.”

“ம்.”

“விழுந்துட்டியா?”

“ம்,” என்றது அவளுடைய குரல். அவன் எதையாவது கேட்டு அவள் சம்மதிக்கும்போது வருகிற அதே ‘ம்’.

அவன் ஹெல்மெட்டைப் பிய்த்துத் தரையில் எறிந்தான்.

நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சுகந்தியைப் படுக்க வைத்தார்கள். தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது, எடுத்துவிட்டார்கள். கண் திறக்கவில்லை. டாக்டர் சின்ன வயசுக்காரர், எதையும் மறைக்கத் தெரியாதவர். “இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கொண்டாந்திருந்தா நல்லா இருந்திருக்கும் சார்,” என்றார். லோகநாதனின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: “இப்பவும் நம்பிக்கை இருக்கு. காது கேக்கும்னுதான் நினைக்கிறோம். பக்கத்துல உக்காந்து பேசுங்க. வருஷக்கணக்கா பழகுன குரல் சில பேரை இழுத்துட்டு வந்திருக்கு. உங்க குரலுக்குத்தான் அவங்க வரணும்.”

பேசுவதற்கென்றே பிறந்தவனுக்கு அதைவிடச் சுலபமான மருந்து உண்டா? ஆனால் லோகநாதனுக்கு வாய் வரவில்லை. ஒரே ஒரு கேள்வி குறுக்கே நின்றது. விழுந்தபோது அவள் தன்னைக் கூப்பிட்டிருப்பாள். ‘ஏனுங்க’ என்று கத்தியிருப்பாள். அந்தச் சத்தத்தின் மேல் ‘ம்’ போட்டு மூடியது இந்த இயந்திரம்தானா? அவள் எவ்வளவு நேரம் கூப்பிட்டாள்? அது தெரியாமல் அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து என்ன பேசுவது?

தாரணி வந்து சேர்ந்த மறுநாள் அவளை அம்மாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு, சுகந்தியின் உடைந்த ஹெல்மெட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஈரோட்டுக்கு பஸ் ஏறினான்.

இலியாஸ் விஷயம் கேள்விப்பட்டிருந்தான். அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “அக்கா சாதா செட்டுத்தான் கேட்டாங்க,” என்று மட்டும் சொன்னான்.

“அவ செட்டுல அவ பேசுனது பதிவாயிருக்குமா? கட் ஆனப்பறமும்?”

“கடைசியாக் கொஞ்ச நேரம் பேசுனது அவங்க செட்டுல நிக்கும்ங்கண்ணா. எடுத்துப் பாக்கலாம்.” இலியாஸ் ஹெல்மெட்டைத் திருப்பி உள்பஞ்சைப் பிரித்தான். உறையின் பொத்தான் போட்டபடியே இருந்தது. திறந்தான். விரலை விட்டுத் துழாவினான்.

“இதுல செட் இல்லைங்களே.”

“விழுந்ததுல தெறிச்சுப் போயிருக்கும்.”

“பொத்தான் போட்டிருக்குதுங்கண்ணா. கையால கழட்டுனாத்தான் உண்டு.”

லோகநாதன் கோபத்தில் கம்பெனிக்கு போன் போடச் சொன்னான். இலியாஸ் போட்டுக் கொடுத்தான். மறுமுனையில் ஒரு பெண் குரல், நல்ல தமிழ், நிதானமான மரியாதை. அவன் நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, சரியான இடங்களில் “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டாள். பாதியில் அவனுக்குச் சந்தேகம் வந்து நிறுத்திவிட்டான். “நீங்க ஆள்தானா?” என்றான்.

“சொல்லுங்க சார், கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”

“அந்தப் பக்கம் செட்டே இல்லாம உங்க மெஷின் எப்படிம்மா பேசுச்சு?”

“எல்லைய நீங்க எடுத்திருக்கீங்க சார். பழகின குரல் உங்க செட்லயே இருக்கும். இணைப்பு வர்ற வரைக்கும் நிரப்பும். எங்க கருவி பொய் எதுவும் சொல்லலை சார். அவங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்களோ, அதத்தான் சொல்லியிருக்கு.”

அவன் போனை மேசையில் வைத்தான். இலியாஸ் அதை அணைத்தான்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது தாரணி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் பையில் ஹெல்மெட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. அதை அவன் கவனித்துவிட்டான்.

“உனக்குத் தெரியுமா சாமி?”

“வேண்டாம்ப்பா.”

“அம்மா என்னையக் கூப்பிட்டாளான்னு மட்டும் எனக்குத் தெரியணும். செட்டு எங்க போச்சு?”

“வீட்டுல இருக்குப்பா. மலைக்கு அம்மா அத எடுத்துட்டே போகல.”

“மறந்துட்டாளா?”

“மொதல்ல மறந்ததுதான். வாங்கின மூணாம் நாளோ நாலாம் நாளோ, சார்ஜ் போட்டுட்டு அப்படியே விட்டுட்டு வேலைக்குப் போயிட்டாங்க. திட்டு விழும்னு பயந்துட்டே சாயங்காலம் வந்திருக்காங்க. நீங்க வந்து, இன்னிக்கு நாம எவ்வளவு பேசுனோம் பாத்தியான்னு சந்தோஷமாச் சொன்னீங்களாம். அதுக்கப்பறம் அத அவங்க போடவே இல்ல.”

லோகநாதன் பையைக் கீழே வைத்தான்.

“அன்னிக்கு எனக்கு போன் பண்ணாங்கப்பா. ‘உங்கப்பாவுக்கு நான் வேண்டாம் தாரணி, “ம்” போதும்’னாங்க. சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. அழுதாங்களான்னு எனக்குத் தெரியல, போன்லதானே. அப்பாகிட்ட சொல்லிடுங்கம்மான்னேன். ‘இருக்கட்டும், அவரும் நல்லா இருக்காரு, எனக்கும் காது ஓஞ்சிருக்குது. மலையேறறப்ப வண்டிச் சத்தத்த மட்டும் கேட்டுட்டு ஏறணும்’னாங்க.” தாரணி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நானாவது உங்ககிட்ட சொல்லியிருக்கணும்ப்பா.”

அவள் கூப்பிட்டாளா இல்லையா என்ற கேள்விக்கு இனிமேல் பதில் கிடையாது. கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. அது அவளுக்கே தெரியும். தெரிந்தேதான் அந்த வளைவுகளில் தனியாக ஏறியிருக்கிறாள். சாயக் கழிவையும் கையெழுத்தையும் தன் பயத்தையும் அவன் மனம் திறந்து சொன்னது ஒரு புளியங்கொட்டையிடம். கேட்டு அழவோ, திட்டவோ, வேலையை விடுங்கள் என்று சொல்லவோ அங்கே ஒருவரும் இல்லை. அவள் மேல் கோபம் வரும் என்று பார்த்தான். வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

உள்ளே விட்டார்கள். சுகந்தியின் தலைக்கட்டுக்குக் கீழே முகம் வீங்கியிருந்தது. கண்கள் மூடியிருந்தன. லோகநாதன் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான். பேசினால் வருவாள் என்கிறார் டாக்டர். பேச்சிலிருந்து தப்பித்துப் போனவளைப் பேச்சை வைத்தே கூப்பிடச் சொல்கிறார். கூப்பிடாமல் விட்டால் ஒருவேளை வராமலே போய்விடுவாள். அவன் அவள் காதுக்கு அருகே குனிந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டான். பிறகு நிமிர்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டிரிப்ஸ் பாட்டிலை மாற்ற வந்த நர்ஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன சார், சும்மாவே உக்காந்திருக்கீங்க? டாக்டர் பேசச் சொன்னாரில்ல?”

“பேசட்டுமான்னு கேட்டிருக்கேன் சிஸ்டர்,” என்றான் லோகநாதன். “இன்னும் பதில் சொல்லல.”